கறுப்பாகத் தெரிந்த சக்கரம்

செங்கல்பட்டு பஜாரில் முஜீப்பின் மேட்சிங் சென்டருக்கு ஒரு சட்டம் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் யாரும் ஜாக்கெட் துணி வாங்கக் கூடாது. புடவையையும் துணியையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல். "உள்ள பாத்தா அரக்கு, வெளிய பாத்தா கத்திரிக்கா" என்று அவன் சொல்லாத நாளில்லை.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். அதில் பில் போடும் நேரத்தைவிட விமானம் பறக்கும் நேரம்தான் அதிகம். விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக, இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே பறந்த பழைய ராணுவ விமானங்களுக்கு அவன் வண்ணம் தீட்டுகிறான். அந்த வண்ணப் போர்வைக்கு 'ஸ்கின்' என்று பெயர். எந்த வருஷம், எந்தப் படைப்பிரிவு, வாலில் என்ன எண் என்று பழைய போட்டோக்களைத் துழாவி அச்சு அசலாகச் செய்துவிடுவான். உலகம் முழுக்க இவனைப் போல நானூறு கிறுக்கர்கள் அதை இறக்கிக்கொண்டு நன்றி சொல்வார்கள். அதோடு சரி.

"மனுசங்களுக்கு ஜாக்கெட் வெட்டி அலுத்துப்போயி, இப்ப பிளேனுக்கு வெட்டிகினு கீறாரு" என்பாள் அவன் மனைவி ஷஃபானா. கடையில் பாதி பாரம் அவள் தலையில்தான், அதனால் சொல்லும் உரிமையும் உண்டு.

ரெஜினா முதலில் வந்தது ஒரு மாம்பழக் கலர் புடவைக்கு மேட்சிங் தேடித்தான். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்தில் தனியாக இருப்பவர். வயது எழுபது. திரையில் இரட்டை இறக்கை விமானத்தைப் பார்த்ததும் புடவையை மறந்தார். அடுத்த வாரம் ஜாய்ஸ்டிக் வாங்கினார். மூன்றாவது மாதம் முஜீப்பைவிட அழகாகத் தரையிறக்கினார். அதிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் அவரவர் இடத்திலிருந்தே ஒன்றாகப் பறப்பார்கள். மீனம்பாக்கத்தில் ஏறி, முட்டுக்காடு கழிமுகம், மாமல்லபுரம் கடற்கரை, கல்பாக்கம், பிறகு திரும்பல். அந்த அரை மணி நேரத்துக்காகவே முஜீப்புக்குப் பொழுது விடிந்தது என்றாலும் பொய்யில்லை.

ஒருநாள் அவர் கைப்பைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். 1934, அம்பாலா விமானப்படைத் தளம். ஒரு விமானம். அதன் சக்கரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்ட ஒல்லி இளைஞன்.

"எங்க நைனா. அங்க பெயிண்டு அடிக்கற வேல. இந்தச் சக்கரத்து மூடிக்கு மஞ்சப் பெயிண்டு அடிச்சது அவருதானாம். ஷூ மேல கொட்டிகினாராம், சார்ஜண்டு காதைத் திருகினானாம். வூட்டுக்கு எவன் வந்தாலும் இதே கதைதான். எனக்கு அப்ப பத்து வயசு. போட்டோவ எடுத்துகினு வந்து அத்தினி பேர் முன்னாடி, 'கறுப்பா கீதே நைனா, இன்னாத்துக்குப் பொய் சொல்ற'ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் அந்தக் கதைய எடுக்கவேயில்ல, பாய்."

போட்டோவை அவன் பக்கம் தள்ளினார். "நீ இதெல்லாம் நோண்டிப் பாக்கறவன். இன்னா கலரோ அத அடி. எனக்குத் தெரிஞ்சிடணும்."

முஜீப் இரண்டு வாரம் அந்தப் போட்டோவோடு குடித்தனம் நடத்தினான். வால் எண், இஞ்சினுக்குக் கீழே வழிந்த எண்ணெய்க் கறை, இறக்கைக் கம்பிகள், இறக்கை மேல் விமானப்படையின் வட்டச் சின்னம், எல்லாம் வந்துவிட்டன. சக்கரம் மட்டும் எத்தனை பெரிதாக்கினாலும் கருங்கறுப்பு. கறுப்பே அடித்தான்.

"மன்னிச்சிக்கங்க மேடம். கறுப்புதான்."

"உடு பாய். போட்டோ பொய் சொல்லுமா?" என்றார் ரெஜினா. மறுநாள் சாயங்காலம் அவர் பறக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்து நாள் முஜீப் கடற்கரை மேல் தனியாகப் பறந்தான். ஒரு ருசியும் இல்லை.

பதினோராவது நாள், திரையில் விமானமும் மேசையில் போட்டோவின் நகலுமாக அவன் உட்கார்ந்திருந்தபோது ஷஃபானா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ரெக்கையில கீற வட்டத்துக்கு நீலத்துல கரை போட்டிருக்கீங்க? போட்டோல வெளுப்பாத்தான கீது, இட்லி நடுவுல பொட்டு வெச்ச மாதிரி."

"அது நீலந்தான், எல்லா புஸ்தகத்துலயும் கீது. அந்தக் காலத்து பிலிமு பாதி அப்படித்தான். நீலம் வெளுத்துப் போயிடும், செவப்பும் மஞ்சளும் கறுத்து..."

அவன் கண் போட்டோவில் சக்கரத்துக்குப் போனது.

ஷஃபானா விடுவாளா? "வட்டத்துக்குப் புஸ்தகம், சக்கரத்துக்கு மட்டும் போட்டோவா? டியூப்லைட்டுல பாத்து வெட்டிட்டீங்க, போங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த யானை சறுக்கி விழுந்தது ஒரு மகளின் மேல். முஜீப்புக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. போட்டோவை மறுபடி பெரிதாக்கினான், இந்த முறை விமானத்தை விட்டுவிட்டு மனிதனை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினத்துக்கு வண்டியை விட்டான்.

"பத்து நாளா ஆளக் காணோம், இப்ப இன்னா?" என்றார் ரெஜினா. வராதது தான்தான் என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

முஜீப் உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினான். "நான் தப்பு பண்ணிட்டேன் மேடம். இந்த பிலிமுல மஞ்சளும் கறுப்பாத்தான் விழும். அதுக்காக இது மஞ்சதான்னு போட்டோ சொல்லாது. கறுப்புன்னும் சொல்லாது. அதால முடியாது. பாத்தவரு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்காரு, அவ்ளோதான் சாட்சி." பெரிதாக்கிய படத்தை நீட்டினான். "அப்புறம் இத பாருங்க."

வெள்ளை கேன்வாஸ் ஷூவின் முனையில் ஒரு திட்டு. சக்கரத்தின் அதே கறுப்பு.

ரெஜினா விரலை அதன் மேல் வைத்தார். "இத்தினி வருசமா சேறுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். விரலை எடுக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. முஜீப் ஜன்னலைப் பார்த்தான்.

பிறகு அவரே எழுந்துபோய் கம்ப்யூட்டரைப் போட்டார். பென்டிரைவிலிருந்து முஜீப் புதிய ஸ்கின்னை ஏற்றினான். விமானம் மீனம்பாக்கத்தில் ஓடி எழுந்தது. அன்றைக்கு அவர் கழிமுகத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. பார்வையை விமானத்துக்கு வெளியே திருப்பிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். கடற்கரை வெயிலில் அது பளிச்சென்று மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது.

"மஞ்சதான் நைனா" என்றார் சத்தமாக. மாமல்லபுரம் தாண்டியதும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த ஷூ கதைய மொதல்லேருந்து சொல்றேன், குந்து பாய்" என்றார்.