ஹானா, துவா, சான்

இரங்கலுரையின் நான்காம் பக்கத்தைப் புரட்டிய பிறகுதான், செத்துப்போனது யார் என்பது கலாசாரச் சங்கத் தலைவர் நெகோரோவுக்கு நினைவு வந்தது. அதுவரை அவருடைய சொந்த வரலாறுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"திருமதி தமாயேவும் தம்மால் இயன்ற அளவுக்கு, ஒரு பொழுதுபோக்காக, மேளம் தட்டி வந்தார்கள்."

முன்வரிசையில் மகள் சிகுசாவுக்குக் காது சுட்டது. அந்தப் பொழுதுபோக்கில் முப்பது வருடத்தில் அம்மாவின் தோள்மூட்டு தேய்ந்திருந்தது. பாலித் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முர்னி ஆடுவாள், கொரிய வீட்டுப் பெண் ஓக்சுன் பாடுவாள், இன்னும் மூன்று பேர் சிறு மேளம் வாசிப்பார்கள். அம்மாவுக்குத் தைக்கோ என்னும் பெரிய ஜப்பானிய மேளம். அதை வேனிலிருந்து மேடைக்கு ஆறு பேருமாகத்தான் தூக்குவார்கள். சிகுசா ஒருநாளும் கை கொடுத்ததில்லை. மேளக்காரி மகள் என்று பள்ளியில் யாரோ சிரித்ததற்காக அன்றே ஒதுங்கியவள்.

பெட்டியை மூடினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட மண்டபப் பணியாளர், துக்கத்துக்கென்றே பழக்கிய குரலில் அறிவித்தார்: "ஆண்கள் ஆறு பேர் முன்வந்து உதவ வேண்டுகிறோம்."

தலைவரும் சங்கத்தார் ஐவரும் எழுந்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு வயதாவது இருக்கும்.

"தலைவரே, போன வருஷம் மைக்கை நகர்த்துறப்ப பிடிச்சுக்கிட்டதே, அதே இடுப்புதானா இது?" என்றாள் ஓக்சுன்.

யாரோ கைக்குட்டைக்குள் சிரித்தார்கள்.

"ஏம்மா, ஆம்பளைங்க தூக்குறதுதான் முறை," என்றார் தலைவர்.

"தூக்குங்க. கீழ போட்டீங்கன்னா அக்காவே எந்திரிச்சு உதைப்பாங்க," என்றாள் முர்னி.

பணியாளர் சிகுசாவைப் பார்த்தார். "வீட்டுக்காரங்க என்ன சொல்றீங்க?"

தலையாட்டினால் போதும். அம்மா பொழுதுபோக்காகவே போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"அம்மாகூட மேளம் தூக்கினவங்களே தூக்கட்டும்."

"அஞ்சு பேர்தானேம்மா இருக்காங்க?" தலைவர் முகத்தில் வெற்றிக்களை.

ஐவரும் அதற்குள் பெட்டியைச் சுற்றி அவரவர் இடத்தில் நின்றிருந்தார்கள். தலைமாட்டில் வலப்பக்கம் காலி. சிகுசா குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றாள்.

"முட்டிய மடக்குடி. முதுகால தூக்காத," என்று முணுமுணுத்தாள் ஓக்சுன். பிறகு தன் மொழியில் ஒன்று எண்ணினாள்: "ஹானா!"

முர்னி தன் மொழியில் இரண்டு சொன்னாள்: "துவா!"

மூன்றைச் சொல்ல வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். ஐந்து பேரும் குனிந்தபடியே காத்திருந்தார்கள். யாரும் சிகுசாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சான்!"

சிகுசாவின் குரலில் மண்டபமே திடுக்கிட்டது. பெட்டி ஒரே மட்டமாக மேலெழுந்தது. சங்கத்தார் அறுவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்.

பெட்டியை ஏற்றிக்கொண்ட வண்டி நீளமாக ஒலியெழுப்பிவிட்டுத் தெருமுனையில் திரும்பியது. வாசலில் ஆறு பெண்களும் நின்றார்கள். அவர்கள் கைகள் இன்னும் உடம்பைவிட்டுச் சற்று விலகி, விரல் மடங்கி, ஒரே உயரத்தில் இருந்தன. யாரும் முதலில் இறக்கவில்லை.