மேற்குச் சுவருக்கு வந்த கல்

கண்ணுசாமி கொத்தனார் முந்தின நாள் சாயங்காலம் வைத்துவிட்டுப் போன வாஷ்பேசின் கல்லைக் காலையில் பார்த்ததும் கமருன்னிஸாவின் முகம் சுருங்கிவிட்டது. குடவாசலில் அவள் வாங்கிய பழைய வீடு. குளியலறையை மொத்தமாக இடித்துப் போட்டும், கீறல் விழாத அந்தக் கறுப்பு கிரானைட்டை மட்டும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"கொத்தனாரே, மேற்குச் சுவர் சும்மாக் கெடக்கு. கிழக்குல ஏன் வச்சீங்க?"

"பாய் வீட்டுக் குளியலறையில எதுவும் மேற்கே பாக்கக் கூடாதும்மா. இருபது வருஷமா உங்க தெருவுலதானே வேலை பாக்குறேன்."

"கக்கூஸ்தான் பாக்கக் கூடாது. தொழுகைக்கு முன்னாடி, மக்கா இருக்குற மேற்கே பாத்து நின்னுதான் கைகால் கழுவுவோம்."

அரைகுறை ஞானம் ஆளைக் கவிழ்த்துவிட்டது. கண்ணுசாமி விடவில்லை. "இனிமே எடுத்தா பேசின் ஓட்டைகிட்ட ரெண்டாப் போயிடும். உடைச்சுட்டுப் புதுசு போட்டுருவோம்."

வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்த செவ்வந்தி உள்ளே வந்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சித்தாள். கோட்டையில் சூரியன் போய் இலை வந்தது, இலை போய் சூரியன் வந்தது. அவள் கைக்குக் கொத்தனார் கரண்டி மட்டும் வரவில்லை. பொம்பளைக்கு மட்டம் பார்க்க வராதாம்! கூலி நெல்லுக்கும் குடியிருக்கும் மனைக்கும் பண்ணையார் களத்தில் கொடி பிடித்து நின்ற நீலாம்பாளின் மகள் இவள்; இவளிடம் போய் அதைச் சொல்லலாமா?

"மேஸ்திரி, நான் எடுக்குறேன். முழுசா வந்தா இன்னைலேருந்து நானும் கொத்தனார். உடைஞ்சா நாளைலேருந்து வேலைக்கு வரலை."

கண்ணுசாமி சிரித்தார். "வாய் இருக்கு. கல்லு முழுசா இருக்கணுமே."

"என் கல்லுதானே, எடுக்கட்டும்" என்றாள் கமருன்னிஸா.

ஓட்டைக்கு முன்னால் கல் நாலு விரல் அகலம்தான். செவ்வந்தி அங்கே ஒரு ரீப்பர் கட்டையை அணைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஆக்சா பிளேடை நுழைத்து இழுத்தாள். எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு தண்ணி என்று குழைத்தவளுக்குத் தெரியாதா, கலவை உள்ளே இன்னும் இறுகாத பச்சை என்று? ஆனாலும் உடைந்துவிட்டால்? நாளைக்கு வேறு எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? ஒரு தடவை கல் கறுக்கென்றது. கமருன்னிஸா வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வந்தி கையை நிறுத்தவில்லை.

கல் முழுசாக வந்தது.

அவளும் கண்ணுசாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மேற்குச் சுவரோரம் சாய்த்தார்கள். கல்லைத் தாங்கும் செங்கல் கட்டு எழும்பியதும் செவ்வந்தி கண்ணுசாமியின் கரண்டியை எடுத்தாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள்.

"கலவை" என்றாள், திரும்பாமலே.

கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து சட்டியைத் தூக்கினார்.