இடம்புரி

கருங்காட்டு மலைமுகட்டில் தோன்றிய கதிரொளி ஊசியிலைக் கானங்களின்மேல் வழிந்து, எல்சு ஆற்றின் அலைகளில் நெளிந்து, வால்ட்கிர்க் ஊரின் கூரைகளையெல்லாம் பொன்னாக்கிய காலைப்பொழுதில், அம்புரோசின் இசைப்பேழைப் பட்டறையில் மூவர் இருந்தனர்: சாளரத்தருகே எழுதுபலகையின் முன் பட்டறைத் தலைவர் அம்புரோசு, கடைசல் பொறியில் சாய்ந்தபடி அவர் மைத்துனன் பிடேல், இருவருக்கும் நடுவே, கவிழ்த்த மரப்பெட்டியின்மேல், பேழை பாடும் பாட்டை உருளையில் முட்களாகப் பதிப்பவளாகிய வால்பூர்கா.

பலகையில் முத்திரையிடாத மடல் ஒன்று கிடந்தது. போரில் வலக்கையை இழந்த லோரென்சு கேட்ட பேழையைச் செய்ய இயலவில்லை என்றது அம்மடல். வரும் திருவிழாவுக்குள் பேழையொன்று கைக்கு வாராதொழியின், தெருவில் இசைக்க ஊர்மன்றம் அவனுக்களித்த இசைவுச்சீட்டுச் செல்லாததாகிவிடும். அஞ்சல் வண்டியோ புறப்படும் நேரம்.

கழுத்துவாரில் தொங்கும் பேழையின் கைப்பிடியை ஒரு கை சுழற்ற, மறு கை பேழையை அணைத்திருக்கும். ஒற்றைக் கையனுக்கு அணைக்க ஏது கை? இடக்கையால் வலமாகச் சுழற்றினால் பேழை விலகி ஊசலாடும். இடமாகச் சுழற்றினாலோ, தாயைப் பற்றிய மகவுபோல மார்போடு ஒட்டி நிற்கும். அதையறிந்த வால்பூர்கா, செய்து முடித்திருந்த பேழையொன்றின் கைப்பிடியை இடப்புறம் மாற்றியமைத்து, தன் வலக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, இடமாகச் சுழற்றினாள். பேழை அசையவில்லை, ஆனால் உருளை பின்னோக்கி உருண்டு, பாட்டு வாலிலிருந்து தலைக்கு வந்தது.

“அடேங்கப்பா! கல்யாண ஊர்வலம் பின்னாடியே நடந்து போற மாதிரில்ல இருக்கு!” என்று பிடேல் வெடித்துச் சிரித்தான்.

“சிரிக்காத மாப்ள,” என்றார் அம்புரோசு. “முள்ளெல்லாம் பிடுங்கி மறுபடி அடிக்க ரெண்டு மாசம் ஆகும். விழாவே முடிஞ்சுரும். மடலுக்கு முத்திரை வைக்க மெழுகை உருக்குறேன், வால்பூர்கா.”

“பொறுங்க முதலாளி! உருளை மேல குத்தமில்ல. அதைச் சுத்துற திருகுதண்டோட புரிதான் வலம்புரி. நமக்கு வேண்டியது...”

சொல் முடியுமுன் அவள் பார்வை கதவுநிலைக்குப் பாய்ந்தது. சென்ற அறுவடைத் திருநாளின் மறுநாள், மதுமயக்கம் தெளியாத பிடேல் கடைசல் பொறியின் சக்கரங்களை மாற்றிப் பூட்டி, புரியைத் தலைகீழாக வெட்டிய திருகுதண்டொன்று, ‘பிடேலின் தலை’ என்னும் சீட்டோடு, போவோர் வருவோரெல்லாம் சுண்டிச் சிரிக்க, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சங்குகளுள் வலம்புரி அரிது. அப்பட்டறையிலோ அது ஒன்றே இடம்புரி!

“பிடேல் அண்ணே, உங்க தலையக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க!”

உருளையைச் சுழற்றும் பல்சக்கரத்தின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருந்தமையால், தண்டின் சாய்வை மாற்றியதும் இடம்புரி அவற்றைக் கவ்விக்கொண்டது. வால்பூர்கா மீண்டும் இடமாகச் சுழற்றினாள். துருத்தி மூச்செடுத்தது, குழல்கள் விழித்தன, பாட்டு தலைநிமிர்ந்து முதலடியிலிருந்து முழங்கிற்று!

“பாத்தீங்களா மச்சான்? வேணும்னேதான் வெட்டி வச்சேன்!”

“நீ குடிச்சுட்டு வெட்டினதுன்னு ஊருக்கே தெரியும்டா!” என்ற அம்புரோசு, கண் கலங்கச் சிரித்தபடி பழைய மடலைக் கிழித்தெறிந்தார்.

வீதிமுனையில் அஞ்சல் வண்டியின் ஊதுகொம்பு ஒலித்தது. ‘பேழை ஆயத்தமாயுள்ளது, வருக’ என்று அவர் விரைந்து எழுத, ‘இடக்கையால், இடமாகச் சுழற்றுக’ என்று அடியில் சேர்த்தாள் வால்பூர்கா. ஒருவன் இழந்த கைக்கு மற்றொருவன் கைப்பிழையே துணையாய் வாய்த்த அம்மடலின்மேல் செம்மெழுகு சொட்டி முத்திரை பதிந்தது. மெழுகு ஆறுமுன்னே பிடேல் மடலைப் பறித்துக்கொண்டு ஓடி, உருளத் தொடங்கிவிட்ட வண்டிக்குள் எறிந்தான்.