துரைசாமி போட்ட தண்டவாளம்

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற பூவம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மார்சிலிங் வீட்டுச் சன்னலில் நின்று, மேம்பாலத்தில் போகும் ரயிலைப் பார்த்து, "பிரேக்க இவ்ளோ முரட்டுத்தனமாவா போடுறது?" என்று முணுமுணுப்பார். கணவர் துரைசாமி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

வழியனுப்பு விழாவில் சக ஊழியர்கள் பூவம்மாவுக்கு மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயில் ஒன்றைத் தந்திருந்தார்கள். அதனுடன் வந்த தண்டவாளம் சிறிய வட்டம். ரயில் தன் வாலையே துரத்துவதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. கூடம் முழுக்கத் தண்டவாளம் போட்டுத் தருவதென்று துரைசாமி தீர்மானித்தார். ஜூரோங்கில் சன்னல் சட்டம் செய்யும் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அவர். அவருக்குத் தெரிந்த உலோகம் அலுமினியம்.

"துருப்பிடிக்காது, வெயிட் இல்ல, கரண்டும் நல்லாப் பாயும். வேற என்ன வேணும்?" என்றார்.

மெல்லிய பட்டைகளை அறுத்து, வளைத்து, சோபாவைச் சுற்றிச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கொண்டுபோனார். ரயில் சிக்கலில்லாமல் ஓடியது. பூவம்மா தரையில் உட்கார்ந்து, விசையைத் திருகி, வளைவுகளில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதைப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் காலை கோப்பிக்கடைக்குப் புறப்பட்டவர், குடையை மறந்து திரும்பி வந்தார். பூவம்மா மண்டியிட்டு, உப்புத்தாளால் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் சாம்பல் கறை.

"என்ன பண்றே பூவு?"

"தூசிங்க."

"தூசிக்கு உப்புத்தாளா?"

பூவம்மா தாளைக் கீழே வைத்தார். "தேய்க்கலன்னா ரயில் திணறுதுங்க. அங்கங்க நின்னே போகுது. நீங்க ஆசையாப் போட்டது, சொல்ல மனசு வரல."

துரைசாமிக்குச் சுருக்கென்றது. கோப்பியை மறந்துவிட்டு, மின்சாரம் சோதிக்கும் மீட்டரை எடுத்து வந்தார். அதன் கம்பி நுனியிலுள்ள முள்ளைத் தண்டவாளத்தில் அழுத்திக் கீறி வைத்தால் மின்சாரம் நன்றாகவே பாய்ந்தது. மெதுவாகத் தொட்டால் மீட்டர் அசையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காத்து பட்டா அலுமினியம் தன்மேல ஒரு தோலு போட்டுக்கும் பூவு. அதான் கடல்காத்துலயும் சன்னல் கெடாம நிக்குது. பட்டறைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அந்தத் தோலத்தான் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். அதுதான் இப்ப கரண்ட மறிக்குது."

ஆனால் ரயிலோடு வந்த சின்ன வட்டத்தை யாரும் தேய்க்கவில்லையே? பெட்டியை எடுத்துப் பார்த்தார். நிக்கல் சில்வர் என்றிருந்தது. அன்று சாயங்காலமே சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைக்குப் போய் விசாரித்தார்.

"நம்ம ஜெர்மன் சில்வர்தாண்ணே அது," என்றார் கடைக்காரர் பாக்கியலட்சுமி. "பேருதான் சில்வர், வெள்ளி பொட்டுக்கூட இல்ல. செம்பு, நிக்கல், துத்தநாகம். தண்டவாளமெல்லாம் இங்க கிடைக்காது லா. குங்குமச்சிமிழ் இருக்கு, தரட்டா?"

சிமிழை வாங்கி வந்து அலுமினியப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். கையில் கனத்தது. மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம்தான் கெட்டி என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சிமிழின் மேல் முள்ளை லேசாக வைத்ததுமே மீட்டர் காட்டியது. இதுவும் நாளாக ஆக மங்கும்தான், ஆனால் வழியை அடைக்காது.

நகரத்தில் பொம்மை ரயில் சாமான் விற்கும் கடையில் ஜெர்மன் சில்வர் தண்டவாளம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து பழையதைப் பெயர்த்துப் புதியதைப் போட்டார்கள். கம்பியை ஒட்ட உருக்கி வைத்தபோது அலுமினியத்தில் ஒட்டவே மாட்டேன் என்று உருண்டோடிய ஈயம், இதில் சட்டென்று பற்றிக்கொண்டது.

பெயர்த்த பட்டைகளைப் பூவம்மா தூக்கிப் போட விடவில்லை. "வாசப்பக்கம் ஒரு பாலம் கட்டுங்க. வெயிட் இல்ல, ஆள் வந்தா ஒரு விரல்ல தூக்கிடலாம்." துரைசாமி கட்டிய பாலம் மேலே போட்ட புதுத் தண்டவாளத்தையும் ரயிலையும் அசையாமல் தாங்கியது.

ஞாயிறு காலை ரயில் எங்கும் நிற்காமல் கூடத்தைச் சுற்றி வந்தது. துரைசாமியும் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு ரவுண்டு நான் ஓட்டட்டுமா?"

பூவம்மா விசையை அவர் கையில் கொடுத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். "மெதுவாங்க. வளைவு வருது."