மாலையோடு போகிறவள்

"நோட்டுக்குக் காலு மொளச்சி நடந்தா பூடுச்சி? சொல்லு நைனா..."

"நான் இன்னாத்துக்கும்மா எடுக்கப் போறேன், அத வெச்சிக்கினு ஏரா ஓட்டப் போறேன்..."

"புடிக்கலன்னா கையெழுத்து போடாம இருந்திருக்கணும். ஒரு கையால போட்டுட்டு இன்னொரு கையால..."

"போட்டவனையே கேக்குது பாரு..."

ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர். என் மகள் செந்தாமரையும் அவள் அப்பா கண்ணப்பனும். நான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. 1991, ஜூன் கடைசி, ஒரு சனிக்கிழமை காலை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடு.

காணாமல் போனது ஒரு நீல அட்டை நோட்டு. செந்தாமரை எழுதிய நாடகம் அதில் இருந்தது. காஞ்சிபுரத்தில் பி.ஏ. முடித்த கையோடு இரண்டு விண்ணப்பங்களை வாங்கி வைத்திருந்தாள். ஒன்று மெட்ராசில் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதச் சொல்லித்தருகிற படிப்பு. இன்னொன்று பாண்டிச்சேரியில் நாடகம். பாண்டிச்சேரி என்றால் ஹாஸ்டல். அது நடக்காது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். மெட்ராஸ் என்றால் காலையில் பஸ் ஏறி ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், புதன்கிழமை தானாகவே பேனா கேட்டு அதில் கையெழுத்துப் போட்டார்.

மெட்ராஸ்காரர்கள் சொந்தமாக எழுதிய நாடகம் ஒன்றையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நல்ல தாளில் எடுத்து எழுதலாம் என்று இருந்தாள் செந்தாமரை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிட்டேன்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கும் நிம்மதி இல்லை. மாலை போடுகிற சாக்கில் கிட்டே போனார்கள் என்று பேப்பரில் வந்த பிறகு, மாலை என்று வாய்விட்டுச் சொல்லவே கூசியது. யார் வந்தார்கள், யார் தங்கினார்கள் என்று போலீஸ் வீடு வீடாகக் கேட்டது. பின்தெரு ஞானம்மா வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, அவள் மகனின் டைரியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதைத் திரும்ப வாங்க ஐந்து நாள் அலைந்தாள். வியாழக்கிழமை எங்கள் தெருவிலேயே ஜீப் வந்து நின்றது. நான் செந்தாமரையின் நோட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன்.

கம்பெனிக்காக நிலத்தை இழக்கப் போகிற ஒரு குடும்பத்தின் கதை அது. அடிக்கல் நாட்ட வருகிற மந்திரியின் கிட்டே போக அந்த வீட்டுப் பெண் மாலை கேட்கிறாள். போய்ச் செய்யப் போவது ஒன்றுமில்லை, எங்கள் நிலத்துக்கு என்ன பதில் என்று ஒரு கேள்வி கேட்பாள். எனக்குப் புரிந்தது. ஜீப்பில் வந்தவர்களுக்குப் புரியுமா?

பயந்துதான் போட்டேன். ஆனால் அட்டை சுருண்டு எரிந்தபோது, இனி இவள் எங்கும் போக மாட்டாள் என்று எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அதுவும் உண்மை. ஜீப் எங்கள் வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனது.

சாயங்காலம் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை அவள் பரண் வரைக்கும் ஏறித் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், நெல் மூட்டையைக்கூட நகர்த்தினேன். இப்போது பழி அவர்மேல் போய் விழுந்தது.

"கனகம், நீயாச்சும் சொல்லேன். நான் அந்த நோட்ட கண்ணால பாத்தனா?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

தட்டில் கை கழுவிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். பாதிக் களி அப்படியே இருந்தது.

செந்தாமரை அழவில்லை. பாண்டிச்சேரி விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். இதற்கு நாடகம் அனுப்ப வேண்டாம், நேரில் போனால் போதும் என்றாள். அப்பா கையெழுத்து? அதையும் தானே போட்டுக்கொள்வாளாம். போய்ச் சேர்ந்த பிறகு கடிதாசி போடுவாளாம். பொங்கலுக்காவது வருவாயா என்று கேட்டதற்கு, எதற்கு, இன்னொரு நோட்டைத் தொலைக்கவா என்றாள்.

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பேனாவ எடு. மெட்ராசுக்கே குடு. நான் சொல்றேன், எழுதிக்கோ."

"இன்னா சொல்லப் போற?"

"ஒன் நாடகத்தத்தான்."

சாயங்காலம் நான் அரிசி பொறுக்கும்போது அன்றன்றைக்கு எழுதியதை அவள் படித்துக் காட்டுவாள். எனக்குக் கதை என்றாலே ஆட்கள் பேசுவதுதான். அவர்கள் முகமோ கட்டியிருந்த புடவையோ நினைவில் நிற்காது. யார் என்ன சொன்னார்கள், பதிலுக்கு மற்றவர் என்ன சொன்னார் என்பது அப்படியே இருக்கும். முதல் வரியைச் சொன்னேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். இரண்டாவது வரிக்குக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

நாடகத்தில் வருகிற மாமன் பேச்சை மாமனைப்போல் இழுத்து இழுத்துச் சொன்னேன். கிழவர் வசனத்தில் இருமலையும் விடவில்லை. "ம்மா, ஒனக்கு ஒரு பித்தான் வெச்சா டேப் ரிக்கார்டர்தான்" என்று சிரித்தாள். இரண்டு நாளாக அவள் சிரித்து நான் கேட்கவில்லை. உலையில் நீர் வற்றிக் கருகல் வாசனை வந்ததும் எழுந்து போய்ப் பானையை இறக்கிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல என் பாரம் இறங்கியது. எரித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவேன், யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்று தோன்றியது. அவர் வந்ததும், நோட்டு கிடைத்த மாதிரிதான் என்று சொல்லிவிடலாம். மகளும் அப்பாவிடம் பேசிவிடுவாள்.

அந்த வேகத்தில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். கூட்டம், பந்தல், பூக்காரி. அந்தப் பெண் கை நீட்டுகிறாள்.

"மாலைய எங்கிட்ட குடுங்க. மாலையோட போறவள எவனும் நிறுத்த மாட்டான். கேக்க வேண்டியத நான் கிட்டப் போயி கேட்டுக்கறேன்."

அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன். பேனாவின் சத்தம் கேட்கவில்லை. செந்தாமரை தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவர் கழனியிலிருந்து வந்து கால் கழுவுகிற சத்தம்.

"ம்மா, இந்தக் கடைசி சீன வியாழக்கெழம காலைலதான் எழுதனேன். ஒனக்கு இன்னும் படிச்சே காட்டலியே."