பன்னிரண்டு பெட்டியும் ஒரு பேணியும்

ஸைனுலாப்தீன் ஹாஜியார், தன் கடைப் படியில் கலீலுர் றஹ்மான் வந்து நிற்கப்போகும் ஒரு காலைப்பொழுதுக்காக ஏழு வருடம் காத்திருந்தார். வந்து நின்றபோது அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவனை உட்காரச் சொல்லவுமில்லை.

கலீல் கையில் ஒரு கண்ணாடிப் போத்தலும் ஒரு கடதாசிப் பொட்டலமும் இருந்தன. இரண்டையும் மேசையில் வைத்தான்.

"ஹாஜியார், ஒருக்கா இதப் பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும் எண்டு கிறிஸ்தோபர் சொன்னார்."

கிறிஸ்தோபர், சீனன்குடாப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய மீன் ஆலையின் களஞ்சியப் பொறுப்பாளர். ஆலைக்கு அரிசி முதல் சவர்க்காரம் வரை கொடுப்பது கலீல்தான். அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஜப்பானிலிருந்து கொம்பனித் தலைவர் வருகிறார் என்பதும், அவருக்குத் தங்கள் முறைப்படி மச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளில் தேநீர் கலக்கிக் கொடுக்க எஞ்சினியர்கள் ஆயத்தம் செய்கிறார்கள் என்பதும் துறைமுக வீதியில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஹாஜியார் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இருந்த தூள் மருதாணித் தூளின் நிறத்தில் இருந்தது. மூடியைத் திறந்ததும் கராம்பு மணம் மூக்கில் அடித்தது.

"இது யாருட சாமான்?"

"அவங்கடதான். மூண்டு மாசத்துக்கு முந்தி ஜப்பானிலயிருந்து எடுப்பிச்சு, தாங்க தங்கியிருக்கிற காம்பிலை எறும்பு எண்டு என்னட்டத் தந்தவங்க. தகரப் பேணியிலயிருந்து போத்தலுக்கு மாத்தி, கடையிலை முன் அலுமாரிக்குள்ள பத்திரமாத்தான் வைச்சனான். எறும்பு வராம நாலு கராம்பும் போட்டனான்."

சீனிக்கும் அரிசிக்கும் கராம்பு போடாத குசினி இந்த ஊரில் இல்லை. கலீலின் உம்மாவும் போட்டிருப்பாள், ஹாஜியாரின் உம்மாவும் போட்டாள். ஆனால் மச்சா சீனியல்ல. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தையெல்லாம் குடித்துவிடும் தூள் அது. கண்ணாடிக்குள்ளால் வந்த வெயில் அதன் பச்சையைத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் கராம்பு தின்றது.

"நல்ல தூளாத்தான் இருந்திருக்கு" என்றார் ஹாஜியார். "பவுடர் மாதிரி நைஸ். நிழல் பந்தல் போட்டு வளர்த்த முதற்கொழுந்து. இப்ப பிரியாணிக்குத்தான் போடலாம்."

கலீல் பொட்டலத்தைப் பிரித்தான். "இது நேத்துக் கொழும்பிலயிருந்து எடுப்பிச்சது. இதையாவது..."

ஹாஜியார் மேசையிலிருந்த வெள்ளைக் கடதாசியில் அந்தத் தூளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் இழுத்தார். கோடு தொடர்ச்சியாக வரவில்லை; திட்டுத்திட்டாக, காய்ந்த வைக்கோலின் மஞ்சளில் நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கைலேஞ்சியில் துப்பினார்.

"கேக்குக்குப் போடுறது. அவங்களுக்கு முன்னால இத வைச்சீங்களெண்டா, தூள் விக்கிறவனுக்குத் தூள் தெரியாதெண்டு நினைப்பாங்க. அல்லது தெரிஞ்சு ஏமாத்தினதெண்டு நினைப்பாங்க."

"அதுதான் ஹாஜியார். உங்கட ஜப்பான் கப்பல்கார நகாயாமா வருசா வருசம் உங்களுக்கு ஒரு பேணி மச்சா அனுப்புறவராமே."

ஹாஜியார் கலீலின் வலக்கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விரல்கள்தான் எழுபத்துமூன்றாம் ஆண்டு ஒரு கிரேக்கக் கப்பலின் மேற்தட்டில், கப்டனின் வெள்ளைக் கோப்பைக்குள் ஹாஜியாரின் தேயிலையைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றியவை. தண்ணீர் ஒரே நொடியில் இரத்தச் சிவப்பானது. "பாருங்க, குடிச்ச தேயிலையைக் காயவைச்சுச் சாயம் போட்டிருக்கிறாங்க" என்று கலீல் சொன்னான். கப்டன் பன்னிரண்டு தேயிலைப் பெட்டியையும் கடலில் தள்ளச் சொன்னான். பெட்டி ஒவ்வொன்றிலும் ஹாஜியாரின் வாப்பாவின் பெயர் கறுப்பு மையில் பெரிதாக எழுதப்பட்டிருந்தது: மீராசாகிபு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கப்பல்களுக்குச் சாமான் கொடுத்த அந்தப் பெயர், துறைமுகத் தண்ணீரில் மிதந்து வந்து படகுத்துறையான ஜெற்றியின் தூண்களில் முட்டியதை ஊர் கூடிப் பார்த்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஜெற்றியில் வேறு பெயர்: சாயக்காரர். அவர் மகள் ஸல்ஹாவுக்குக் கிண்ணியாவிலிருந்து வந்த சம்பந்தம் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் திரும்பிப் போனது.

"பேணி இருக்கு" என்றார் ஹாஜியார். "திறக்காத பேணி."

"அல்லாஹ்வே! என்ன வேணுமெண்டாலும் கேளுங்க ஹாஜியார்."

"ஜெற்றிக்கு வாங்க. வள்ளக்காரர் எல்லாரும் இருக்கக்குள்ள, என்ட தேயிலை சுத்தமான தேயிலை எண்டு சொல்லுங்க. அண்டைக்கு என்ன செய்தீங்க எண்டதையும் சொல்லுங்க."

கலீலின் முகம் இறுகியது. "இஞ்சயே உங்கட காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கிறன். ஜெற்றியிலை எதுக்கு?"

"அண்டைக்கு நீங்க என்ட கடைக்குள்ள வந்தா சொன்னீங்க?"

அவர் எழுந்து உள்ளே போனார். கப்பல்களுக்கான பட்டர் வைக்கும் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்தார். மூடியின் விளிம்பைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். அதைக் கத்தியால் சுரண்டித் திறந்தபோது, உள்ளே துணியில் சுற்றி ஒரு சின்னப் பேணி இருந்தது. வெளிச்சம், மணம், ஈரம் மூன்றும் போக வழியில்லாத வைப்பு. கலீல் கையை நீட்டினான்.

"தொடாதீங்க. இப்ப பத்து மணி. குளிர் விடாமத் திறந்தா இந்தக் கடற்காத்து உள்ள போய் வேர்த்துத் தூள் கட்டிபடும். ஒரு மணிக்கு முந்தித் திறக்கப்படாது. அது வரைக்கும் பேணி ஜெற்றியிலை என்னோட இருக்கும். என்ட கையிலயிருந்து போறதெண்டா அங்கதான் போகும்."

ஜெற்றி வாசலில் ஒரு மரக்கதிரை போடுவித்து, பேணியை இன்னொரு கதிரையில் தன் குடை நிழலில் வைத்து, ஹாஜியார் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். வள்ளக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நிழலில் தாயம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் புறப்படும் கப்பலுக்கு ஹாஜியார் கொடுத்த மரக்கறிக் கூடைகள் அவர்களில் மூத்தவனான லாபிரின் வள்ளத்தில் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டன.

"என்ன ஹாஜியார், பேணிக்குக் காவலோ?" என்றான் லாபிர்.

"ஓம். கள்ளர் கூடின இடம்."

சிரித்தார்கள். கலீல் சிரிக்கவில்லை. பதினொரு மணியானது. அவன் வந்து பேணியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றது, பேணியின் வெளியில் முத்துமுத்தாக நீர். ஹாஜியார் கைலேஞ்சியால் அதைத் துடைத்தார். கலீல் போய்க் கம்பியில் சாய்ந்து ஒரு சிகரட் பற்றவைத்தான். பிறகு இன்னொன்று. பன்னிரண்டரைக்குப் பேணியில் ஈரம் பூக்கவில்லை. கிறிஸ்தோபரின் ஜீப் வந்து வீதியில் நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

"ஹாஜியார், நாளைக்குச் சத்தியமாச் சொல்லுறன். இப்ப நேரம் போகுது."

"எனக்கு ஏழு வருசம் போயிட்டுது."

கலீல் சிகரட்டைக் காலால் நசுக்கிவிட்டு வள்ளக்காரர்களுக்கு முன்னால் போய் நின்றான். ஏதோ சொன்னான். தாயக்கட்டைகளின் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

"கேக்கேல்ல" என்றார் ஹாஜியார்.

"மீராசாகிபு குடும்பத்துத் தேயிலையிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொன்னனான்!"

"பிறகு கோப்பை எப்படிச் சிவந்தது?"

தாயம் நின்றது. கலீல் தன் வலக்கையைத் தானே பார்த்துக்கொண்டான். "என்ட நகத்துக்குள்ள சாயம் அடைச்சுக்கொண்டு போனனான். தேயிலை போடக்குள்ள கோப்பைக்குள்ள உதறினனான். அந்தக் கப்பல் எனக்குக் கிடைக்கோணும் எண்டுதான் செய்தனான். போதுமா?"

ஹாஜியார் இந்த வார்த்தைகளை ஏழு வருடமாகத் தன் மனதுக்குள் அவன் வாயால் சொல்லவைத்துக் கேட்டிருந்தார். ஒவ்வொரு தரமும் அதைக் கேட்ட ஊர் அவருக்குள் அதிர்ந்து போயிருந்தது. இப்போது அவர் வள்ளக்காரர்களின் முகங்களைப் பார்த்தார். யாரும் அதிரவில்லை. ஒருவன் தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்கா ஹாஜியார் மத்தியானம் வரைக்கும் வெயிலுக்குள்ள இருந்தீங்க?" என்றான் லாபிர், இரங்கும் குரலில். "அது சுத்தமான தேயிலை எண்டு எங்களுக்குத் தெரியுந்தானே."

"எப்படித் தெரியும்?"

"அண்டைக்குப் பின்னேரம் மூண்டு பெட்டி இழுத்துக் கரையேத்தினம். உள்ளுக்கு ஈயத்தாள், ஒரு சொட்டுத் தண்ணி போகேல்ல. நாங்க எல்லாரும் பங்கிட்டு ஒரு வருசம் குடிச்சம். அப்படித் தேத்தண்ணி அதுக்குப் பிறகு நான் குடிக்கேல்ல, வல்லாஹி."

"குடிச்சிற்றுத்தான் என்னைச் சாயக்காரன் எண்டு கூப்பிட்டீங்களோ?"

"அது சும்மா பகிடிக்கு ஹாஜியார்..."

கலீலுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கவும் அவன் பெரிதாக முயலவில்லை.

ஹாஜியார் பேணியைக் கையில் எடுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார், குளிர் விட்டிருந்தது. அதைத் தண்ணீரில் எறிந்துவிட ஒரு கணம் அவர் தோள் துடித்ததை அவர் மட்டும்தான் அறிவார். ஆனால் மீராசாகிபுவின் மகன் வாக்கு மாறினான் என்று இவர்கள் சொல்ல அவர் விடப்போவதில்லை.

"பிடியுங்க. அரிதட்டிலை அரிச்சுத்தான் போடச் சொல்லுங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தப்படாது, இறக்கிக் கொஞ்சம் விட்டுத்தான் ஊத்தோணும். மிச்சத்தை இதே பேணியிலை இறுக்கி மூடி ஒரு மாசத்துக்குள்ள முடிக்கோணும். இது யாருட கையால வந்த தூள் எண்டு அந்தத் தலைவருக்குக் கிறிஸ்தோபர் சொல்லோணும்."

"சொல்லுறம். அப்ப நாங்க ராசிதானே ஹாஜியார்?"

"இல்லை. நீங்க சொன்னீங்க, நான் தந்தனான். அதோட சரி. இனி என்ட படி ஏறாதீங்க."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஹாஜியார் வள்ளக்காரர்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"லாபிர், கூடையளை இறக்கு."

"ஏன் ஹாஜியார்? கப்பல் மூண்டு மணிக்குப் போகுது."

"போகட்டும். கலீல் பொய் சொன்னது தன்ட யாவாரத்துக்கு. நீங்க உண்மையக் குடிச்சுக்கொண்டு என்ட வாப்பாட பேரைச் சொல்லிச் சிரிச்சீங்க. என்ட மகள்ட சம்பந்தக்காரர் இந்த ஜெற்றியால வந்துதான் இறங்கினவங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்ல. இண்டையிலயிருந்து என்ட ஒரு கீரைக்கட்டும் உங்கட வள்ளத்திலை ஏறாது. மூதூர் வள்ளத்திலை போகும்."

"ஹாஜியார், எங்கட பிள்ளைகுட்டி உங்கட சாமானாலதானே..."

"இறக்கு."

அவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு லாபிர் வள்ளத்துக்குள் இறங்கி முதற்கூடையைத் தூக்கிக் கொடுத்தான். கோவாவும் கரட்டும் லீக்ஸும் ஒவ்வொன்றாகச் சுடுசீமெந்தில் வந்து இறங்கின. மூதூருக்குப் புறப்பட்ட மோட்டார் லோஞ்சின் ஓட்டியிடம், அங்கிருந்து ஒரு வள்ளத்தை உடனே அனுப்பச் சொல்லி ஹாஜியார் சொல்லிவிட்டார். அது வளைகுடாவைக் கடந்து போய், வள்ளம் இங்கே வந்து சேரும்போது கப்பல் நிற்குமா என்று லோஞ்சுக்காரன் கேட்டான். அவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வெயில் உச்சியிலிருந்து சரியத் தொடங்கியது. லீக்ஸின் நுனிகள் வாடித் தொங்கின. லாபிரும் மற்றவர்களும் நிழலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயக்கட்டையை யாரும் தொடவில்லை. ஹாஜியார் குடையை எடுத்துக் கூடைகளுக்கு மேல் சாய்த்து வைத்துவிட்டு, வெறுந்தலையோடு கதிரையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.