பக்கத்து வீட்டு விசில்

தனியாக வாழ்கிறவனுக்கு ஒரு குக்கர் போதும். இரண்டாவது பாத்திரம் வாங்கினால் அது ஆடம்பரம், மூன்றாவது வாங்கினால் அது கல்யாணம்.

அப்பாவை ரயில்வே ஜோலார்பேட்டைக்கு மாற்றியது. அம்மாவும் கூடப் போனாள். எனக்குக் கல்லூரி முடிய இன்னும் ஓராண்டு இருந்ததால், ராயபுரத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் ஒற்றை அறை பார்த்து என்னை அதில் விட்டுவிட்டுப் போனார்கள். போன வேகத்தைப் பார்த்தால் ரயில்வே மீது அவர்களுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

என் சமையல் ஒரு மூன்று அடுக்குக் கட்டடம். தரைத்தளத்தில் தண்ணீர், அதில் முட்டையும் உருளைக்கிழங்கும் வாடகைக்கு இருக்கும். முதல் மாடியில் துவரம்பருப்பு, தக்காளி, பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள்தூள். மேல் மாடியில் அரிசி. மூடியைப் போட்டு, வெயிட்டை வைத்து, நாலு விசில். ஒரே தீயில் சோறு, பருப்பு, தொட்டுக்கொள்ள உப்பு மிளகாய்த்தூள் பிசைந்த உருளைக்கிழங்கு. தட்டில் போட்டுச் சாப்பிட்டால் தட்டைக் கழுவ வேண்டும் என்பதால் மேல் மாடியிலேயே பிசைந்து சாப்பிட்டுவிடுவேன். என் சின்ன சிலிண்டர் எவ்வளவு நாள் வருகிறது என்று தெரிந்தால் கேஸ் கடைக்காரர் அழுதுவிடுவார்.

குறை ஒன்றுதான். எங்கள் காம்பவுண்டில் சுவர் என்பது சும்மா ஒரு மரியாதைக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் இசக்கியம்மாள் அக்காவின் அடுப்பு. அவர்கள் தூத்துக்குடிப் பக்கம். அக்காவின் கணவர் சண்முகவேல் அண்ணாச்சி தண்டையார்பேட்டையில் மொத்த மளிகைக்கடை வைத்திருக்கிறார். அக்காவிடமும் என்னிடமும் இருப்பது ஒரே கம்பெனிக் குக்கர், ஒரே குரல். வந்த புதிதில் அக்காவின் விசிலையும் சேர்த்து எண்ணி, அடுப்பை அணைத்து, சரளைக் கல் போன்ற சோற்றைத் தின்று, தனிமையில் எல்லாருக்கும் பல் இப்படித்தான் வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"ஏ தம்பி, ஏம் விசில எண்ணி ஒன் அடுப்ப அணைச்சா சோறு எப்பிடிய்யா வேகும்? இனிமே ஏங்குக்கர் கத்துனா ஒடனே கரண்டியால சொவத்துல ஒரு தட்டு தட்டுதேன். டொக்குன்னு கேட்டா அது எனக்குள்ளது. நீ எண்ணாத."

அன்றிலிருந்து என் சோறு வெந்தது. டொக் வந்தால் அக்கா கணக்கு, வராவிட்டால் என் கணக்கு. இரண்டு நாடுகளுக்கு நடுவே இவ்வளவு ஒழுங்கான ஒப்பந்தத்தை நான் பாடப்புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

அந்தச் சமயத்தில் அப்பா போன் செய்தார்.

"டேய் சாவியோ, ஞாயித்துக்கெழம உன் அத்த வர்றா. நீ ஆக்கிப் போடு. அவ துன்னுட்டு நல்லாகீதுன்னு சொன்னான்னா நீ அங்கயே இரு. இல்லாங்காட்டி மூட்டய கட்டிகினு எண்ணூர் போய்டு."

டோரதி அத்தை அப்பாவின் தங்கை. எண்ணூரில் அவர்கள் பங்குக் கோயில் திருவிழாவில் அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கும்போது பதம் பார்த்துச் சொல்வது அத்தைதான். அத்தை தலையாட்டாமல் ஒரு பருக்கை அண்டாவை விட்டு இறங்காது. அத்தை வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த வீட்டில் ஏழு மணிக்கு ஜெபமாலை தொடங்கும். என் போன் மாதா சிலைக்குப் பின்னால் போய்விடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அருள்பிரகாசம் மாமா, ஒவ்வொரு கவளத்தையும் கிரேன் எப்படித் தூக்கும் என்று கையால் காட்டிக் காட்டிச் சாப்பிடுவார். காலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கல்லூரிக்கு வந்து சேர்ந்தால் மத்தியான பெல் அடித்திருக்கும். மீன் குழம்புக்காகச் சுதந்திரத்தை விற்க நான் தயாராக இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தை வந்தாள்.

"இன்னாடா, எளச்சுட்ட?"

"மூணு கிலோ ஏறிகீறேன் அத்தே."

"அது ஊளச்சத." குக்கருக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, ஒண்ணு தலமேல ஒண்ணு ஒக்காந்துகினு கீது? ஷேர் ஆட்டோவா?"

"கேஸ் மிச்சம் அத்தே."

"உங்கப்பன் புத்தி."

குக்கரை மூடி அடுப்பில் ஏற்றினேன். வெயிட்டைப் பார்த்தபடி, சுவரில் காதை வைத்து நின்றேன்.

"சொவத்துல இன்னாத்துக்குடா காத வெக்கற? விசிலு எண்றதுக்கு ஒரு ஞானம் வோணும். உங்கப்பனுக்கே கெடையாது. தள்ளு, நான் பாத்துக்கறேன். எத்தினி?"

"நாலு. ஆனா அத்தே, இங்க ஒரு விஷயம் கீது..."

"நாலு தானே? நானூறு பேருக்கு வடிக்கறவகிட்ட விஷயம் சொல்ல வன்ட்டான்."

என் அறையில் வாசலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அத்தை வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். ஒரு கையில் போன், மறு கை விரல்கள் எண்ணிக்கைக்குத் தயார்.

"பாருண்ணே, உன் புள்ள ஆக்கறான். நான் பேசிகினே எண்ணுவேன்."

என் குக்கர் கூவியது. அத்தை ஒரு விரலை மடக்கினாள். "ஒண்ணு."

அடுத்த விசில் சுவருக்குள்ளிருந்து வந்தது. பின்னாலேயே டொக்.

"அத்தே, அது வந்து..."

"வாய மூடு. எண்ணிகினு கீறேன். ரெண்டு."

மூடினேன். மறுபடி சுவர் கூவியது. டொக்.

"மூணு. யாருடா அது டொக்கு டொக்குன்னு?"

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் யோசித்தேன். சோறு வெந்தால் பெருமை அத்தைக்கு. வேகாவிட்டால் எண்ணிய பழியும் அத்தைக்கு. நடுவில் நான் யார்?

"பக்கத்து வூட்டக்கா இஞ்சி தட்டறாங்க அத்தே."

நாலாவது விசிலும் அக்காவுடையதே. அந்த டொக் கொஞ்சம் பலமாக விழுந்தது. அத்தை போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"நாலு! நீயே கேட்டல்லண்ணே? டேய், அணை."

"இன்னும் ரெண்டு நிமிஷம் வுட்லாமே அத்தே?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அணைத்தேன். மீன் வறுக்கும் வாசம் வேறு சுவரைத் தாண்டி வந்து அத்தையின் பசியைக் கிளப்பியிருந்தது. எழுந்து வந்து வெயிட்டைக் கரண்டிக் காம்பால் தூக்கி மொத்த ஆவியையும் வெளியேற்றினாள். சிக்னல் அடுப்புவரை வராது என்பதால் போனை வாசல் ஜன்னலில் சாய்த்து, அடுக்குகளை அதன் முன்னால் கொண்டுவந்து இறக்கி, மேல் மாடியைத் திறந்தாள்.

அரிசி ஒவ்வொன்றும் என்.சி.சி. அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றது. அத்தை ஒரு பருக்கையை எடுத்து இரு விரலால் நசுக்கினாள். பருக்கை நசுங்கவில்லை. விரல்தான் கொஞ்சம் நசுங்கியது.

"இன்னா டோரதி, வெந்துச்சா?" ஜோலார்பேட்டையிலிருந்து அப்பா கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அண்டாச் சோற்றுக்கெல்லாம் பதம் சொன்ன வாய், இத்தனூண்டு குக்கரில் தானே எண்ணி, சாட்சி வைத்து எண்ணி, இறக்கச் சொல்லி...

"பதமா கீதுண்ணே."

"துன்னு காட்டு."

பருப்பை ஊற்றினாள். பருப்பு உருண்டு ஓடியது. ஒரு வாய் வைத்தாள்.

"இன்னா சத்தம் அது?"

"அப்பளம்ணே."

"அப்பளம் வேற பொரிச்சானா!"

"கெட்டிக்கார புள்ள," என்றாள் அத்தை, கண்ணில் நீர் கோத்தபடி. "டேய், நீயும் துன்னு. அப்பா பாக்கட்டும்."

தின்றேன். இருவரும் மாறி மாறிக் கடித்த சத்தத்தில் காம்பவுண்டில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"அப்ப அவன் அங்கயே இருக்கட்டுமா?"

அத்தை விழுங்கி முடிக்கும்வரை ஜோலார்பேட்டையும் ராயபுரமும் காத்திருந்தன.

"இருக்கட்டும்ணே. நல்லா பொழச்சிக்கறான்."

போனை வைத்தாள். வைத்த கையோடு இசக்கியம்மாள் அக்கா கிண்ணத்தில் மீன் குழம்புடன் உள்ளே வந்தார்.

"தம்பி, டொக்கு கேட்டுச்சா? அண்ணாச்சி பசிக்குன்னு வெரசா வந்துட்டாவ. அதான் நானும் அந்நேரமே குக்கர ஏத்திட்டேன். மூணு தடவ தட்டுனேன்லா?" பிறகு பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "என்ன, பருப்பும் அரிசியும் ஊறுது? அடைக்கா?"

"ஆமாக்கா, அடைக்குத்தான்," என்றேன்.

"நல்லா ஊறட்டும்," என்று சொல்லி, குழம்பை வைத்துவிட்டுப் போனார்.

அத்தை எண்ணிய கையை நிமிர்த்திப் பார்த்தாள். ஒரு விரலை மட்டும் மடக்கினாள். மற்ற மூன்றையும் என் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

"இஞ்சியாடா தட்டனாங்க?"

நான் மறுபடி மின்விசிறியிடம் போனேன். அத்தை எழுந்து கதவைச் சாத்தினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண் மூக்கெல்லாம் சிவக்க, அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கத எண்ணூருக்கு வந்துச்சு, பின்னாலயே நீ எண்ணூருக்கு வருவ. புரிஞ்சிதா?"

"எந்தக் கத அத்தே?"

"ம். அப்டி இரு."

பாத்திரங்களில் தண்ணீர் விட்டு, குக்கரில் அடுக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றினாள். தரைத்தளத்தில் இரண்டு முட்டைகள் மட்டும் ஒழுங்காக வெந்திருந்தன. இரண்டையும் அவளே உரித்து, மீன் குழம்பில் தோய்த்துத் தின்றாள்.